ஒரே பெயரில் எத்தனை கயல்கள்?

ஒரே நிறுவனம் நடத்தும் சமூக வலைத்தளத்தில் 'கயல்' என்ற பெயரைக் கேட்டால், அது தன் பதிவேட்டைப் பார்த்து, "வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று சொல்லிவிடும். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் அப்படிப் பார்க்கப் பொதுப் பதிவேடே கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்கள், நடத்துவதும் வெவ்வேறு ஆட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கயல் இருக்கலாம். ஆனாலும் ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குப் போவதில்லை.

அங்கே முழுப் பெயர் '@கயல்@மாஸ்டடான்.சோஷியல்' என்பதுதான் காரணம். முதலில் ஆளின் பெயர், அடுத்து சர்வரின் டொமைன், அதாவது அதன் இணையப் பெயர். ரே டாம்லின்சன் 1971-இல் மின்னஞ்சலுக்குப் பிடித்த அதே வழி. ஒவ்வொரு சர்வரும் தனக்குள் பெயர் இரட்டிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வெளிச் சர்வரில் இருக்கும் கயலை நீங்கள் தேடும்போது, உங்கள் சர்வர் 'வெப்ஃபிங்கர்' என்ற முறையில் அந்த டொமைனிடம், "இந்தப் பெயரில் ஆள் உண்டா?" என்று கேட்கும். அவருடைய கணக்கின் இணைய முகவரி பதிலாக வரும். அதற்குப் பிறகு சர்வர்கள் ஆளை அடையாளம் காண்பது அந்த முகவரியை வைத்துத்தான்.

டொமைன் பெயரே இரட்டித்தால்? டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் டி.என்.எஸ் அமைப்பு அதற்கு இடம் கொடுக்காது. '.காம்' போன்ற ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு பதிவகம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வேர். பரவலாக்கம் என்று நாம் கொண்டாடுவது இந்த மையத்தின் மேல்தான் நிற்கிறது. இதை மறப்பது ஆபத்து. ஆப்கானிஸ்தானின் '.ஏஎஃப்' பின்னொட்டில் இயங்கிய குயிர்.ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வரின் டொமைனை, 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசின் அமைச்சகம் முடக்கியது. அங்கிருந்தவர்களின் முகவரிகளும் அதோடு போயின.

புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளம், பெயரையும் ஆளையும் பிரித்துவைக்கிறது. கணக்கு தொடங்கும்போதே மாறாத ஓர் அடையாளக் குறியீடு உருவாகிவிடும். பெயர் என்பது அதன்மேல் ஒட்டிய டொமைன் மட்டுமே. டொமைன் அந்தக் குறியீட்டைக் காட்ட வேண்டும், குறியீட்டின் ஆவணமும் திரும்ப அதே டொமைனைக் காட்ட வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் பெயர் செல்லும். பெயரை மாற்றினாலும் பின்தொடர்பவர்கள் அப்படியே இருப்பார்கள்.

நாஸ்டர் என்ற வலையமைப்பு இன்னும் ஒரு படி போகிறது. அங்கே 'தனிச் சாவி' என்ற ரகசிய எண்ணிலிருந்து உருவாகும் 256 பிட் 'பொதுச் சாவி' என்ற நீள எண்தான் ஆள். பதிவகமே வேண்டாம், இருவருக்கு ஒரே சாவி அமையும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அந்த நீள எழுத்துக்கோவையை யார் மனப்பாடம் செய்வது? நினைவில் நிற்பது, பாதுகாப்பு, மையமின்மை மூன்றும் ஒரே பெயரில் சேர்வது கடினம் என்று 2001-இலேயே கணினி வல்லுநர் ஸூகோ வில்காக்ஸ் சுட்டிக்காட்டினார். நாஸ்டர் முதலாவதை விட்டுக்கொடுத்தது. தனிச் சாவி தொலைந்தால் மீட்டுத் தரவும் அங்கே யாரும் இல்லை.