இலக்கத் தடயவியல்: ஒரு சொல் விளக்கம்

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு மேற்படிப்பு தேடும் கோலாலம்பூர்ப் பிள்ளைகளிடம் 'ஃபோரென்சிக் டிஜிட்டல்' என்று சொல்லிப் பாருங்கள். கணினி, கைப்பேசி போன்றவற்றில் தடயம் தேடும் துறைக்கு மலாயில் அதுதான் பெயர். பலருக்கும் முதலில் பிணவறைதான் நினைவுக்கு வரும். தொலைக்காட்சித் தொடர்கள் பழக்கிவிட்ட பொருள் அது. லத்தீனில் 'ஃபோரம்' என்றால் பொதுச் சதுக்கம். பண்டைய ரோமில் வழக்குகளை அங்கேதான் விசாரித்தார்கள். அதிலிருந்து வந்தது 'ஃபோரென்சிஸ்'. ஆக, மன்றத்தில் எடுத்து வைக்கத் தக்கது என்பதே அடிப்படைப் பொருள்.

நாம் சொல்லும் தடயவியலில் மன்றம் இல்லை. தடம் என்றால் கால் பட்ட சுவடு. தடயம், ஒருவர் விட்டுப்போன அடையாளம். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். கணினிக்கு அவ்வளவு பொருத்தம்! வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தால், பெரும்பாலும் அது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகும். வேறு தரவு அதன்மேல் எழுதப்படும் வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும்.

சரி, மன்றம் எங்கே போயிற்று? பாடத்தில் இருக்கிறது. மாணவர் முதலில் பழகுவது மூலத்தில் கை வைக்காமல் இருப்பதற்கு. எழுதுவதைத் தடுக்கும் கருவி வழியாக வன்தட்டை இணைத்து, ஒரு பிட்கூட (தரவின் மிகச் சிறிய அலகு) விடாமல் நகலெடுத்து, இரண்டுக்கும் ஹேஷ் மதிப்பு கணக்கிட வேண்டும். ஹேஷ் மதிப்பு என்பது தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்றது. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறையில் அது எண்ணும் எழுத்துமாக 64 குறிகள். ஒரு பிட் மாறினாலும் மொத்த வரிசையும் வேறாகிவிடும். இரண்டும் ஒத்திருந்தால், நகலில் எதுவும் மாறவில்லை என்று மன்றத்தில் காட்டலாம். ஆய்வு நகலில்தான் நடக்கும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் கணினி உருவாக்கும் ஆவணங்களுக்கென்றே 90ஏ பிரிவு உண்டு. நிரல் மட்டும் தெரிந்தால் போதாது, இதையும் படிக்க வேண்டும்.

முதலில் கணினித் தடயவியல் என்றுதான் சொன்னார்கள். கைப்பேசி, கேமரா எல்லாம் சேர்ந்ததும் 'டிஜிட்டல்' வந்தது. 2001இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் கூடிய ஆய்வாளர்கள் வகுத்த வரையறை, தடயத்தைப் பாதுகாப்பதிலிருந்து அதை முன்வைப்பது வரை நீள்கிறது.

டிஜிட்டலுக்குத் தமிழகத்தில் எண்ணிமம், சிங்கப்பூரில் மின்னிலக்கம், நம் நாட்டுச் செய்திகளில் இலக்கவியல். 'இலக்கவியல் தடயவியல்' என்றால் இரண்டு இயல் அடுத்தடுத்து வந்து நாக்கில் இடறுகிறது. 'இலக்கத் தடயவியல்' என்பதே என் தேர்வு. துறையின் பெயராக, பாடத்தின் பெயராக இதை எழுதலாம். வெறும் செய்தி என்றால், 'கைப்பேசி தடயவியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது' என்று எழுதினாலே போதும்.