புது பிராசஸர் வாங்கியும் பேஸ் வரலையா? சோஃபாவை நகத்திப் பாருங்க

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு: ஹோம் தியேட்டருக்கு வச்சிருந்த பழைய ஏவி ரிசீவரை மாத்திட்டு, ரூமுக்கு ஏத்தபடி சத்தத்தைத் திருத்தற (ரூம் கரெக்‌ஷன்) டிராக் லைவ் சாஃப்ட்வேர் இருக்கற பிராசஸர் வாங்கினாராம், மைக் வச்சு அளந்தும் ஆச்சாம், ஆனா ஹால் நடுவுல சோஃபால உக்காந்தா அடி பேஸே, அதாவது ஆழமான கீழ்ச்சத்தமே இல்ல, எந்திரிச்சு சுவர் பக்கம் போனா நெஞ்சு அதிருது, பீஸ் ஃபால்ட்டா? ஃபால்ட் இல்லைங்க.

ரூம் கரெக்‌ஷன் வேலை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஸ்பீக்கர்ல கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரு சத்தம் ஓட்டி, ரூம் அதை எப்படிக் கெடுக்குதுன்னு மைக்ல பாத்து, அதுக்கு நேர்மாறா ஒரு ஃபில்டர் போடும். அவ்ளோதான்.

இப்போ உங்க 5 மீட்டர் ஹாலுக்கு வருவோம். ஒலி செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், அப்போ 34 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 10 மீட்டர், ஹால் அதுல சரி பாதி. முன்னால போற அலையும் பின் சுவர்ல பட்டு திரும்பற அலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுடும். சுவர் ஓரத்துல அழுத்தம் உச்சம், நட்டநடுவுல பூஜ்யம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த நடுவுலதான் காத்து அதிகமா முன்னபின்ன ஆடுது, ஆனா காதும் மைக்கும் பிடிக்கறது அழுத்தத்தை, அதனால அங்க ஒண்ணுமே கேக்காது. அதே இடத்துல அதுக்கு ரெட்டிப்பான 69 ஹெர்ட்ஸ் உச்சத்துல நிக்கும், அதான் உறுமல் போயி வெறும் 'தொம்மு தொம்மு' வருது.

நடுவுல இருக்கற அந்த 34 ஹெர்ட்ஸ் பள்ளத்தை பூஸ்ட் பண்ணி நிரப்பலாமேன்னா, 5-ல 5 போனாலும் பூஜ்யம், 20-ல 20 போனாலும் பூஜ்யம், போற அலையைக் கூட்டினா திரும்பி வர்றதும் சேந்துதான் கூடுது. 12 டெசிபெல் ஏத்தினா ஆம்ப்ளிஃபயர் 16 மடங்கு பவர் தள்ளணும், பக்கத்து வீட்டுக்காரர்தான் கேப்பாரு.

சோஃபாவை முன் சுவர்லேர்ந்து மூணுல ரெண்டு பங்கு தூரத்துக்கு, அதாவது 3.3 மீட்டருக்குத் தள்ளுங்க. அங்க 34-ம் உச்சத்துல பாதி, 69-ம் உச்சத்துல பாதி, கணக்கு எவ்ளோ அழகா உக்காருது பாருங்க! மூணு மடங்கான 103 ஹெர்ட்ஸ் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும், இருக்கட்டும், மேட்டை வெட்டறது கரெக்‌ஷனுக்கு சுலபம், வெட்டினா சத்தம் நின்ன பிறகும் ரூம்ல இழுத்துக்கிட்டே இருக்கறதும் சேந்து குறையும். நிஜ ஹால்ல அகலம், உயரம், ஜன்னல்னு கணக்கு கொஞ்சம் முன்னபின்ன ஆகும், ஆனா ஆரம்பிக்க இது போதும்.

மறுபடி அளந்துட்டு கரெக்‌ஷனை 300 ஹெர்ட்ஸோட நிறுத்திப் பாருங்க, டார்கெட் கர்வ்ல, அதாவது கடைசியில சத்தம் எப்படி வரணும்னு நீங்க வரைஞ்சு குடுக்கற கோட்டுல, பேஸை 4, 5 டெசிபெல் தூக்கி விடுங்க. நல்ல ஸ்பீக்கரா இருந்தா அதுக்கு மேல நோண்டாம இருக்கறதே நல்லது. இதைச் சொல்ற ஒலி ஆராய்ச்சியாளர் ஃப்ளாய்ட் டூல் கனடா அரசு ஆராய்ச்சிக் கூடத்துல உக்காந்து, எந்த ஸ்பீக்கர்னே தெரியாம கேட்டு மார்க் போட வச்சு வருஷக்கணக்கா ஆராஞ்சாரு, அரசாங்கக் காசை இப்படி செலவு பண்ணினா எனக்கு சந்தோஷம்தான். இங்க என்னடான்னா தரையில பட்டா சத்தம் கெட்டுடும்னு ஸ்பீக்கர் கேபிளுக்கு முட்டு வாங்கி வைக்கறாங்க, திருஷ்டிப் பூசணி அதை விட சீப். அந்தக் காசுல ரெண்டாவது சப்வூஃபர் (பேஸுக்குன்னே இருக்கற ஸ்பீக்கர்) வாங்கி பின் சுவர் நடுவுல வைங்க, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு ஒரே ஃபேஸ்ல, அதாவது ரெண்டும் ஒண்ணா தள்ளி ஒண்ணா இழுக்கற மாதிரி ஓடினா, சுவர்ல உச்சம் நடுவுல பூஜ்யம்னு நிக்கற அந்த 34 ஹெர்ட்ஸ் அலை ஹாலுக்குள்ள எழும்பறதே பெரும்பாலும் நின்னுடும்.