மணி வளைவின் அகலத்தை அளவுகோலால் அளக்கலாமா?

மணி வடிவ வளைவில் சராசரி இருக்கும் இடம் பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது, தரவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் மட்டும் ஏன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உச்சிக்கு நேர்கீழே சராசரி. அகலமோ அப்படிப் பிடிபடாது. வளைவின் இரு ஓரங்களும் கிடையச்சை நெருங்கிக்கொண்டே போகுமே தவிர அதைத் தொடுவதில்லை என்பதால், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதே குழப்பம்.

விடை சாய்வில் இருக்கிறது. உச்சியிலிருந்து இறங்கும்போது சாய்வு கூடிக்கொண்டே போய், ஓரிடத்தில் பெருமத்தை எட்டி, பிறகு குறையத் தொடங்கும். கவிழ்த்த கிண்ணம் போலிருந்த கோடு நிமிர்த்திய கிண்ணமாக மாறும் அந்த வளைவு மாற்றப் புள்ளி, சராசரியிலிருந்து மிகச்சரியாக ஒரு திட்டவிலக்கத் தொலைவில், உச்சி உயரத்தில் ஏறக்குறைய 60.7 விழுக்காட்டில் அமைகிறது.

அங்கே அளவுகோலை வைத்து ஒரு தொடுகோடு வரையுங்கள். அது கிடையச்சை இரண்டு திட்டவிலக்கத் தொலைவில் வெட்டும். இயல்நிலை வளைவு எனப்படும் இந்த மணி வளைவின் எந்தப் புள்ளியிலும், அதன் உயரத்தைச் சராசரியிலிருந்து அது விலகியுள்ள தொலைவால் பெருக்கித் திட்டவிலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சாய்வின் அளவு கிடைக்கும். விலகிய தொலைவே ஒரு திட்டவிலக்கமாக இருக்கும் இடத்தில், இந்தக் கணக்கு உயரத்தைத் திட்டவிலக்கத்தால் வகுப்பதாகச் சுருங்கிவிடுகிறது. எனவே அதே சாய்வில் நேராக இறங்கினால், மிச்சமுள்ள உயரம் முழுவதும் தீர இன்னும் ஒரே ஒரு திட்டவிலக்கம் போதும். எத்தனை அழகான கணக்கு! மறுபுறமும் வரைந்தால் அடிப்பக்கம் 4 திட்டவிலக்கம் கொண்ட முக்கோணம் கிடைக்கும். அந்த எல்லைக்குள் தரவுகளில் 95.45 விழுக்காடு அடங்கும். அட்டவணையைப் பார்த்து விடை எழுதப் பழக்கும் வகுப்புகள் இந்த இரு கோடுகளுக்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

வேதியியலாளர்கள் இதை ஆய்வகத்திலேயே பயன்படுத்துகிறார்கள். கலவையை ஒரு குழாய் வழியே செலுத்தி அதிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் குரோமட்டோகிராபியில், வெளிவரும் ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் மணி வடிவ முகடாகத் தெரியும். ஒரு பொருள் குழாயை விட்டு வெளிவரும் நேரத்தை, அதன் முகட்டில் இப்படித் தொடுகோடுகள் வரைந்து அளந்த அடியகலத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 16-ஆல் பெருக்கினால் குழாயின் பிரிதிறனைக் குறிக்கும் தட்டு எண்ணிக்கை கிடைக்கும். இந்த எண்ணிக்கைக்கு அடிப்படையான தட்டுக் கோட்பாட்டை மார்ட்டின், சிஞ்ச் என்ற வேதியியலாளர்கள் 1941-இல் வெளியிட்டனர். அந்த 16 வேறெதுவுமில்லை, முக்கோண அடிப்பக்கத்தின் நான்கினுடைய வர்க்கம். பாதி உயரத்தில் அகலம் அளப்போர் 5.54-ஆல் பெருக்குவதும் இதனால்தான்: அங்கே அகலம் ஏறக்குறைய 2.355 திட்டவிலக்கம், அதன் வர்க்கமே இந்த எண். முகடு ஒருபக்கம் வால் நீண்டிருந்தாலோ, இரு தொடுகோடுகளும் உச்சிக்கு நேர்கீழுள்ள புள்ளியிலிருந்து சமதொலைவில் அச்சை வெட்டுவதில்லை. அத்தகைய முகட்டுக்கு இந்த 16-ஐ நம்பக்கூடாது.