கல்லை மரத்தில் நிறுத்தும் ஒரு சொட்டுத் தண்ணீர்

மர மோதிரத்தில் சின்னக் கார்னெட் கல் ஒன்றைப் பசை வைத்துப் பதித்தாராம் ஒரு வாசகர். சில மாதங்களில் கல் விழுந்துவிட்டது. மரத்தில் கல் நிற்கவே நிற்காதா என்று கேட்கிறார். நிற்கும், பசையே இல்லாமல்கூட.

தங்கத்திலும் வெள்ளியிலும் வேலை எளிது. கல்லைக் குழியில் வைத்து, சுற்றியுள்ள விளிம்பை அதன் மேல் மடக்கித் தேய்த்துவிடுவார்கள். மடக்கிய உலோகம் மடக்கியபடியே இருக்கும். காய்ந்த மரத்தை அப்படி மடக்கினால், ஒன்று பழைய இடத்துக்கே திரும்பும், இல்லையேல் பிளந்துவிடும். கொம்பு சூட்டில் இளகும், ஆறியதும் இறுகும். அதனால் அதில் ஓரளவு மடக்கலாம். ஆம்பர், அதாவது கல்போல இறுகிய பழங்கால மரப்பிசின், மென்மையானதுதான், ஆனால் அழுத்தினால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

மரத்துக்கு ஒரு தனி வித்தை உண்டு. ஜப்பானில் நெட்சுகே என்ற சிறு சிற்பங்களைச் செதுக்கியவர்கள் அதை உகிபோரி என்றார்கள். மழுங்கிய ஊசியால் மரத்தில் ஒரு புள்ளியை அழுத்துவார்கள், பள்ளம் விழும். சுற்றியுள்ள மரத்தைப் பள்ளத்தின் மட்டத்துக்குச் சீவிவிட்டுத் தண்ணீர் தடவினால், அழுத்திய இடம் மட்டும் எழுந்து பருபோல நிற்கும். தேரையின் தோலில் உள்ள மருக்களை இப்படித்தான் எழுப்பினார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். மரம் என்பது நெருக்கமாகக் கட்டிய நுண்குழல்கள். பக்கவாட்டில் அழுத்தினால் அவை நசுங்கும். குழல் சுவரிலுள்ள செல்லுலோஸ் நார்கள் வளைந்த வில்போல நிமிரத் துடிக்கும். ஆனால் அவற்றைச் சூழ்ந்து ஒட்டவைக்கும் ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற பொருள்கள் காய்ந்த நிலையில் விறைப்பாக இருப்பதால் வில் பூட்டப்பட்டுவிடும். தண்ணீர் உள்ளே போய், அங்கே மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கிடையே நுழைந்ததும் விறைப்பு தளர்கிறது, குழல் நிமிர்கிறது. சாதாரணமாக ஈரத்தில் ஊதிய மரம் காய்ந்ததும் சுருங்கிவிடும். இப்படி நிமிர்ந்த குழலோ காய்ந்த பிறகும் நிமிர்ந்தே இருக்கும்! எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதைக் கல்லுக்குப் பயன்படுத்தலாம். கல்லைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, வழவழப்பான கூம்பு எஃகுக் கம்பியால் வாயைச் சுற்றிலும் அழுத்தி, கல் நுழையும் அளவுக்கு அகலப்படுத்த வேண்டும். கல்லின் அகலமான நடுப்பகுதி மரத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே போய் உட்காரட்டும். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர். நடுப்பகுதிக்கு மேலே நசுங்கிய சுவரைத் தடுக்க எதுவுமில்லை, அது உள்நோக்கி எழுந்து கல்லின் தோளில் சாய்ந்துகொள்ளும். இழைகளின் நுனி தெரியும் குறுக்குவெட்டு முகத்தில் துளையிட்டால் சுற்றிலும் பிடி கிடைக்கும். பக்கவாட்டு முகத்தில் இட்டால் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும்தான், ஏனென்றால் குழல்கள் நீளவாக்கில் எளிதில் நசுங்காது.

2018இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு, மரத்திலிருந்து லிக்னினில் ஒரு பகுதியை நீக்கிச் சூட்டில் அழுத்தி, அதன் வலிமையைப் பத்து மடங்குக்கு மேல் உயர்த்தியது. அங்கும் நசுங்குவது இதே குழல்கள்தான். அத்தகைய ஆய்வுக்குப் பணம் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. கைவினைஞர்களின் விரல்களில் இருக்கும் அறிவை அளந்து பதிவு செய்யவும் அதில் ஒரு துளி ஒதுக்கலாம். அது எழுதப்படாமலே மறைந்துகொண்டிருக்கிறது.

சரி, வாசகரின் கல் ஏன் விழுந்தது? மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி மாறினால், இழைக்குக் குறுக்கே அது ஏறத்தாழ 1% விரியும் அல்லது சுருங்கும். 2 மில்லிமீட்டர் துளையில் அது 0.02 மில்லிமீட்டர், முடியின் தடிமன்கூட இல்லை. 10 மில்லிமீட்டர் கல்லுக்கு 0.1 ஆகிவிடும். மரத்துக்குச் சிறு கற்களே ஏற்றவை என்பது இதனால்தான். ஆனால் மெருகேற்றிய கல்லில் இறுகிய பசைக்கு அந்த 0.02 அசைவே திரும்பத் திரும்ப வந்தால் போதும், ஒரு நாள் விட்டுவிடும். மரவிளிம்பு கல்லோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

கவனிக்க வேண்டியது, குழல் நசுங்கலாம், உடையக் கூடாது. உடைந்த சுவர் எத்தனை தண்ணீர் விட்டாலும் எழாது. ஆகவே கம்பியை ஒரேயடியாகக் குத்தாமல், சுழற்றிச் சுழற்றி மெல்ல அழுத்துங்கள். எண்ணெய் ஊட்டிய மரகதத்துக்கும் ஓப்பலுக்கும் வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரே போதும். மெழுகை மரம் முழுக்கக் காய்ந்த பிறகு பூசுங்கள்.