திமிங்கலத்தின் கணுக்கால்

மீன் வாலை இடமும் வலமுமாக ஆட்டி நீந்தும். திமிங்கலம் மேலும் கீழுமாக அடித்து நீந்தும். பாய்ந்தோடும் பாலூட்டிகளின் முதுகெலும்பு வளைவதும் மேலும் கீழுமாகத்தான். நுரையீரலில் மூச்சு, வெப்ப ரத்தம், குட்டிக்குப் பால் என மற்ற அடையாளங்களும் இருப்பதால், திமிங்கலத்தின் முன்னோர் தரையில் நடந்தவை என்பதில் உயிரியலாளர்களுக்கு வெகுகாலமாகவே சந்தேகம் இல்லை. எந்த விலங்குக் கூட்டத்திலிருந்து வந்தது என்பதில்தான் நீண்ட இழுபறி.

1966-ல் தொல்லுயிரியலாளர் லீ வான் வேலன் மெசோனிக்கிட் என்ற, இன்று அடியோடு அழிந்துபோன கூட்டத்தைக் கைகாட்டினார். ஓநாய் போன்ற உடல், விரல் நுனியில் குளம்பு, இறைச்சி தின்னும் பல். அந்த முக்கோணப் பற்கள் ஆதித் திமிங்கலங்களின் பற்களோடு அவ்வளவு ஒத்துப்போனதால் தொல்லுயிரியலாளர்கள் பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

1990-களில் டிஎன்ஏ ஆய்வுகள் வேறு கதை சொல்லின. மாடு, மான், ஒட்டகம், பன்றி அடங்கிய இரட்டைக் குளம்பிகளின் கூட்டத்துக்கு உள்ளேயே திமிங்கலம் வந்து உட்கார்ந்தது. ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடாவின் குழு, மரபணுத் தொகுதிக்குள் தம்மைத் தாமே நகலெடுத்துப் புதிய இடங்களில் செருகிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டுகளை ஆராய்ந்தது. தொடர்பில்லாத இரண்டு விலங்குகளில் ஒரே துண்டு ஒரே இடத்தில் போய் விழுவது நடக்காத காரியம். திமிங்கலத்துக்கும் நீர்யானைக்கும் மட்டுமே பொதுவான செருகல்களை 1999-ல் அவர்கள் காட்டினார்கள். அதாவது நீர்யானைக்குப் பன்றியைவிடத் திமிங்கலமே நெருங்கிய சொந்தம்! நீர்யானையே திமிங்கலமாக மாறியது என்று இதற்குப் பொருளில்லை, சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டுக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது, அவ்வளவுதான்.

எலும்பைப் படிப்பவர்கள் உடனே ஒப்பவில்லை. அவர்கள் கேட்ட சாட்சி கணுக்கால். இரட்டைக் குளம்பிகளின் கணுக்கால் எலும்பு ஒன்றில் மேல்முனை, கீழ்முனை இரண்டிலுமே கிணற்றுக் கப்பியைப் போல வழுவழுப்பான பள்ளம் உண்டு. கால் முன்னும் பின்னும் தாராளமாக மடங்கும், பக்கவாட்டில் திருகாது. வேறெந்தப் பாலூட்டிக்கும் இந்த அமைப்பு இல்லை. இன்றைய திமிங்கலத்துக்கோ பின்னங்காலே கிடையாது. ஆகவே, கால் இருந்த காலத்துத் திமிங்கலம்தான் பதில் சொல்ல வேண்டும்.

2001-ல் பதில் வந்தது. தொல்லுயிரியலாளர் பிலிப் கிஞ்சரிச்சின் குழு பாகிஸ்தானில் ரோடோசீட்டஸ், ஆர்ட்டியோசீட்டஸ் என்ற சுமார் 4.7 கோடி ஆண்டு பழைய திமிங்கலங்களைக் கணுக்காலோடு கண்டெடுத்தது. இரு முனையிலும் கப்பி! மெசோனிக்கிட் பக்கம் நின்றிருந்த கிஞ்சரிச்சே கருத்தை மாற்றிக்கொண்டார். அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த தருணங்களில் இது ஒன்று. இன்னொரு தொல்லுயிரியலாளரான ஹான்ஸ் தேவிசனின் குழு அதே ஆண்டில், இன்னும் பழைய பாகிசீட்டஸின் எலும்புகளிலும் இதையே காட்டியது.

அடுத்த துப்பு காதிலிருந்து. இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் காஷ்மீரில் சேகரித்த பாறைகள் அவர் மறைவுக்குப் பின் தேவிசனிடம் வந்து சேர்ந்தன. அவற்றைச் சுத்தம் செய்யும்போது இண்டோஹியஸ் என்ற சிறு விலங்கின் மண்டையோட்டில் காதெலும்பு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்த உட்சுவர் வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கலக் குடும்பத்தின் முத்திரை. பூனையளவே இருந்த இந்தக் குளம்பு விலங்கின் கால் எலும்புகளும் கனமானவை; தண்ணீரில் மிதந்துவிடாமல் அடியில் நடக்க அந்தக் கனம் உதவியிருக்கும். 2007-ல் வெளியான இந்த ஆய்வு, இண்டோஹியஸின் கூட்டத்தைத் திமிங்கலங்களின் மிக நெருங்கிய உறவாக வைத்தது.

திமிங்கல வம்சத்தில் பிறகு நடந்தது வேகமான மாற்றம். நான்கு காலில் நடந்த பாகிசீட்டஸ், முதலைபோல் பதுங்கி வாழ்ந்திருக்கக்கூடிய ஆம்புலோசீட்டஸ், குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த கட்சிசீட்டஸ் என்று வரிசை நீள்கிறது. எகிப்தின் வாடி அல்-ஹிதான் பாலைவனத்தில் கிடக்கும் பாசிலோசாரஸ் முழுக்கக் கடல்வாசி. 15 மீட்டருக்கு மேல் நீண்ட அந்த உடலில் ஒரு மீட்டர்கூட இல்லாத பின்னங்கால். அதிலும் முழங்கால், கணுக்கால், விரல்கள் எல்லாம் உண்டு.

இன்றைய திமிங்கலங்களில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் தசைக்குள் புதைந்த இடுப்பெலும்புதான். ஆனால் திமிங்கலக் குடும்பத்தைச் சேர்ந்த டால்பினின் கருவில் பின்னங்கால் மொட்டு இன்னமும் முளைக்கிறது; அதை வளர்த்தெடுக்கும் மரபணுச் சமிக்ஞை நின்றுபோவதால் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. அபூர்வமாகக் கரையாமலும் போகும். 2006-ல் ஜப்பானின் தைஜி அருகே பிடிபட்ட டால்பின் ஒன்றுக்கு, வால் பக்கம் கூடுதலாக ஒரு ஜோடித் துடுப்புகள் இருந்தன.