அயவாஸ்கா: தமிழில் ஆவிக்கொடி

அமேசான் காட்டில் ஒரு கொடியின் தண்டை நசுக்கி, வேறொரு செடியின் இலையோடு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்து இறக்கும் கசப்புக் கஷாயத்தின் பெயர் அயவாஸ்கா. அந்தக் கொடிக்கும் அதே பெயர்தான். ஸ்பானிய எழுத்தில் உள்ள 'ஹ' ஒலிக்காது என்பதால் 'அயஹுவாஸ்கா' என்று நாக்கை வருத்திக்கொள்ள வேண்டாம்.

சொல் தென்னமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவுடையது. 'அயா' என்றால் பிணம், இறந்தவர், இறந்தவரின் ஆவி. 'வாஸ்கா' என்றால் கயிறு. கயிறுபோல முறுக்கிக்கொண்டு மரமேறும் கொடியும் அதுவே. ஆங்கில வழியாக வருகிறவர்கள் 'வைன்' (vine) என்றதும் திராட்சையை இழுத்து வந்துவிடும் அபாயம் உண்டு. தமிழில் அந்தச் சுற்றுவழியே தேவையில்லை. பந்தலில் படர்வதும் கொடி, துணி உலர்த்தக் கட்டுவதும் கொடி. வாஸ்காவின் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைத்துவிடுகின்றன. ஆவியும் அப்படித்தான்: ஒருவர் இறந்தால் ஆவி பிரிந்தது என்கிறோம், இறந்தபின் நடமாடுவதாகச் சொல்வதையும் ஆவி என்கிறோம். ஆகவே 'ஆவிக்கொடி'. 'ஆன்மக்கொடி' என்றால் பிணவாடை போய்ப் பக்திவாடை வந்துவிடும்.

எல்லோரும் இந்தப் பெயரைச் சொல்வதில்லை. கொலம்பியாவில் யாஹே. பிரேசிலில் ராய்முண்டோ இரினேயு செர்ரா 1930களில் உருவாக்கிய சமய மரபில் தாய்மி. போர்ச்சுக்கீசில் 'எனக்குத் தா' என்று பொருள்.

பெயரைக் கொடி வாங்கிக்கொண்டாலும், குடித்தவர் காணும் மாயக் காட்சிகளுக்கு முக்கியக் காரணம் கூடச் சேரும் சக்ருனா இலை. அதிலுள்ள டிஎம்டி என்ற பொருளைத் தனியாக விழுங்கினால், குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் அந்த நொதியைத் தடுக்கிறது. அதன்பிறகே டிஎம்டி மூளைவரை போய்ச் சேருகிறது.

துணைச்சொற்களில் மொழிபெயர்ப்பாளர் சறுக்குவது 'தியெத்தா'வில். உப்பு, சர்க்கரை, பன்றியிறைச்சி, உடலுறவு எல்லாம் விலக்கி இருக்கும் காலம் அது. 'உணவுக் கட்டுப்பாடு' என்றால் இளைக்க முயல்வதுபோல இருக்கிறது. பத்தியம் என்ற சொல் எதற்கு இருக்கிறது? குடித்தவர் வாந்தியெடுப்பதை 'புர்கா' என்பார்கள். ஸ்பானியத்தில் அது பேதிமருந்தைக் குறிக்கும். அங்கே அது பக்கவிளைவு அல்ல, வைத்தியத்தின் பாதி. கழிவு வெளியேறினால்தான் மனமும் தெளியும் என்பது அவர்கள் கணக்கு.

இதையும், இதுபோலவே மாயக் காட்சி தரும் பெயோட்டே, சான் பெட்ரோ கள்ளிகளையும் சேர்த்து, மனக்காயம் ஆறவும் தன்னை அறியவும் தேடிப்போகிறவர்கள் 'பிளான்ட் மெடிசின்' என்கிறார்கள். அதை மூலிகை மருத்துவம் என்று பெயர்த்தால் வாசகருக்கு இருமல் கஷாயம்தான் நினைவுக்கு வரும். 'தாவர மருந்து' மிக அகலம். சின்கோனாப் பட்டையின் குயினைனும் அதில் அடங்கும். நான் 'சடங்கு மருந்து' என்பேன். இரவு, வைத்தியர், அவர் பாடும் இக்காரோ பாட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே மருந்து. பெரு நாடு 2008இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்ததும் பழங்குடிகளின் இந்த அறிவையும் பயன்பாட்டையும்தான்.

ஆனால் 'மருந்து' என்ற பாதி ஏமாற்றக்கூடியது. பிரேசிலில் மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுள்ள 29 பேரிடம் நடந்த சோதனையில், ஒருமுறை குடித்தவர்களுக்கு ஏழாம் நாளில் போலிமருந்து குடித்தவர்களைவிட நல்ல தணிவு தெரிந்தது. நம்பிக்கை தரும் சேதி, சிறிய எண்ணிக்கை. அதே மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும், மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டும் மாத்திரைகளோடு இது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு நோய் முற்றலாம். டிஎம்டியோ மனமயக்கப் பொருள்கள் பற்றிய 1971ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது.