தூக்கு நீதிபதியா, தொங்கும் நீதிபதியா?

மரண தண்டனையைத் தாராளமாக விதிக்கும் நீதிபதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹேங்கிங் ஜட்ஜ்’ என்ற பட்டப்பெயரைத் ‘தொங்கும் நீதிபதி’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். ‘ஹேங்’ என்ற ஆங்கில வினை தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே உருவில் நிற்கும். தமிழில் தொங்கு வேறு, தொங்கவிடு வேறு. ‘தொங்கும் நீதிபதி’ என்றால் கயிற்றில் தொங்குவது நீதிபதியே.

இங்கிலாந்தில் 1685-இல் கலகக்காரர்களைக் கூட்டங்கூட்டமாகத் தூக்குக்கு அனுப்பிய நீதிபதி ஜார்ஜ் ஜெஃப்ரீஸுக்கும் இதே பெயர்தான். அமெரிக்காவில் அது ஐசக் பார்க்கரோடு ஒட்டிக்கொண்டது. 1875 முதல் 1896 வரை ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி அவர். மரண தண்டனை விதித்தது 160 பேருக்கு; தூக்கில் இறந்தவர்கள் 79 பேர்.

‘தூக்கிலிடும் நீதிபதி’ என்று திருத்துவோரும் உண்டு. இலக்கணம் சரி, செய்தி தவறு. பார்க்கர் தீர்ப்பு வாசித்தவர். கைதிகளின் கழுத்தில் கயிறு மாட்டியவர் ஜார்ஜ் மேலடன். 1875 செப்டம்பர் 3 அன்று ஒரே மேடையில் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அங்கே இரண்டு வேலைகள், இரண்டு ஆட்கள். ‘இடும்’ என்ற ஒரு சொல் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. ‘மரண நீதிபதி’ இன்னும் மோசம்: சாவை விசாரிப்பவரா, எமனா என்று புரியாது, தூக்கு என்ற செய்தியே அதில் இல்லை.

‘தூக்கு நீதிபதி’ போதும். தேரை ஓட்டும் பாகன் தேர்ப்பாகன் ஆவதுபோல, தூக்கை விதிக்கும் நீதிபதி தூக்கு நீதிபதி. ‘ஐ’ என்ற வேற்றுமை உருபும் ‘விதிக்கும்’ என்ற பயனும் தொக்கி, அதாவது மறைந்து, நிற்கின்றன. ‘தூக்குத் தண்டனை’யில் ஒற்று மிகும், இங்கே அடுத்து ‘ந’ வரிசை எழுத்து வருவதால் மிகாது. மாவட்ட நீதிமன்றத்தவரான பார்க்கரை, உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு வழங்கும் ‘நீதியரசர்’ ஆக்கவும் வேண்டாம்.

இது வசைப்பெயர் என்பதையும் மொழிபெயர்ப்பவர் மறக்கக் கூடாது. கொலைக் குற்றம் உறுதியானால் அன்றைய கூட்டாட்சிச் சட்டத்தில் மரணம் தவிர வேறு தண்டனை இல்லை. அதைக் குறைக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இல்லை, குடியரசுத் தலைவரிடம் இருந்தது. 1889 வரை உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் கிடையாது. ஆகவே பார்க்கரைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயரை மேற்கோள்குறிக்குள் போடுங்கள்.

அவர் அதிகாரம் செல்லுபடியான ‘இந்தியன் டெரிடரி’யை ‘இந்தியப் பகுதி’ என்பதும் இதே அவசரத்தில் விளைந்த பிழை. அது இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தின் பெரும்பகுதி. செரோக்கி, சாக்டா முதலிய பூர்வகுடிகளின் நிலம். ‘பூர்வகுடி நிலப்பகுதி’ என்றாலே குழப்பம் தீர்ந்துவிடும்.